மூன்றாம் ஓலை

2009ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள், சனிக்கிழமை. காலையில் வெயில் கடுமையாக இருந்தது. நண்பகலுக்குப் பின் மேற்கே மேகம் திரண்டது. ஆயினும் மழை பெய்யவில்லை. காற்று அடியோடு நின்றுவிட்டபடியால், சிதம்பரம் கீழ வீதியின் மாடியறையில் ஆங்கிலம் கற்க அமர்ந்திருந்த எங்கள் அனைவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

அன்றைய பாடம் கூட்டு வினைகள் பற்றியதாகும். நாம் நன்கறிந்த ஒரு சிறு வினைச்சொல், தன்னிலும் சிறிய ஒரு சொல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டு புதியதொரு பொருளைத் தருமாயின் அது கூட்டு வினை எனப்படும். இவ்வகைச் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல. கடலூர் முதுநகரில் எங்கள் தெருக் கோடியில் உள்ள நர்சரிப் பள்ளியில் நான் ஆயாவாகப் பணிபுரிகிறேன். ஸிட் டவுன், ஸ்டாண்ட் அப், லைன் அப் என்று நாள்தோறும் பிள்ளைகளை ஏவுவது என் வேலை. அப்பிள்ளைகளின் பின்வரிசையில் அமர்ந்துதான் இருபத்தொன்பதாம் வயதில் எழுத்துகளை அறிந்தேன். பின்னர்த் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பும், சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பும் தேறினேன். என் பெயர் ஆரோக்கிய ராணி. அப்போது எனக்கு வயது முப்பத்தேழு.

எங்கள் ஆசிரியை தமிழினி, என்னினும் மிக இளையவர். அவர் கரும்பலகையில் 'கால் ஆஃப்' என்று எழுதினார்.

"ஒண்ணு நடக்கப்போவுதுன்னு ஊருக்கே சொல்லியாச்சு. அப்புறம், இல்ல, அது நடக்காதுன்னு நிறுத்திடறோம். அதுதான் கால் ஆஃப். எங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. எத எதெல்லாம் கால் ஆஃப் பண்ணலாம்?"

"மேட்ச்சு மிஸ்," என்றான் கல்லூரி மாணவன் ஹரிஷ்.

"ஸ்டிரைக்கு," என்றார் பேருந்து நடத்துநர் ஒருவர்.

"கல்யாணம் பண்ணலாமா மிஸ்?" என்று மீண்டும் ஹரிஷ் கேட்டான்.

"ஏன் தம்பி, ஒன்ன பொண்ணு வீட்டுல விசாரிச்சிட்டாங்களா?" என்றார் நடத்துநர். எல்லாரும் சிரித்தார்கள்.

"கல்யாணத்தயும் பண்ணலாம். புக்குல அதுதான் மொத உதாரணமே," என்றார் தமிழினி.

நான் சிரிக்கவில்லை. மறுநாள் காலை எங்கள் கோவிலில் என் திருமணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப்பட இருந்தது.

ஆசிரியை அடுத்ததாக 'புட் ஆஃப்' என்று எழுதி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். ஒன்றைத் தள்ளிப்போடுவது புட் ஆஃப். அது பின்னொரு நாள் வந்தே தீரும். ஒன்றை இல்லை என்று ஆக்கிவிடுவது கால் ஆஃப். அதற்குப் பின்னொரு நாள் கிடையாது. நான் எழுந்து நின்றேன்.

"மிஸ், நிறுத்துனா அதுக்குக் காரணம் சொல்லணுமா?"

"சொன்னா நல்லதுக்கா. காரணம் சொல்லலன்னாலும் வாக்கியம் முழுசுதான். நிறுத்துனது யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

நான் அமர்ந்தேன். ஆனால் அமர்ந்திருக்க முடியவில்லை. கால்கள் தாமாக ஆடின. வகுப்பு முடிவதற்கு முன்பே பேருந்துக்கு நேரமாயிற்று என்று கூறிக் கீழே இறங்கிவிட்டேன். உண்மையில் அரைமணிக்கொரு பேருந்து இருந்தது.

வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை எண்ணிப் பார்த்தேன். என் அண்ணன் மரியலூர்து துறைமுகத்தில் விசைப்படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். பெற்றோருக்குப் பின் நான் அவர் வீட்டிலேயே இருந்துவருகிறேன். அவருடைய மகள் நித்யா மேரிக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் என்னைக் கண்டு, "அத்தை இன்னும் வீட்டோட தானா?" என்று கேட்டுச் சென்றார்கள். அதற்குப் பிறகு வந்த மாதத்தில் அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். காடாம்புலியூரைச் சேர்ந்த ஜோசப், பலாவும் முந்திரியும் வாங்கி லாரியில் அனுப்புபவர், மனைவியை இழந்தவர், நற்குணம் உடையவர் என்று எல்லாரும் கூறினர். அண்ணன் செய்தியைச் சொன்னபோது நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை ஒரு வேலை சொன்னால் எவ்வாறு 'சரி' என்பேனோ அவ்வாறே 'சரி' என்றேன். பலா வரத்து ஓய்ந்ததும், செப்டம்பர் 2ஆம் நாள் திருமணம் என்று முடிவாயிற்று.

ஓலை வாசித்தல் பற்றி இங்குக் கூற வேண்டும். எங்கள் சபையில் திருமணம் உறுதியானவர்களின் பெயர்களை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையின் முடிவில் அறிவிப்பார்கள். இவர்கள் மணம் செய்துகொள்ளத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அவ்வறிவிப்பு. மூன்றாம் ஓலையும் தடையின்றி முடிந்தால் அது பாதிக் கல்யாணம் என்பர் எங்கள் தெருவார். அதன் பிறகு வேண்டாம் என்று சொன்ன பெண்ணும் இல்லை, சொல்லவிட்ட வீடும் இல்லை.

எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கப்படும் பூசைக்கு மணப்பெண் செல்வதில்லை. அன்று அவள் மாலைப் பூசைக்குச் செல்வாள். சிறுமியாக இருந்தபோது நான் இதன் காரணத்தைக் கேட்டிருக்கிறேன். "ஓலை நேரத்துல பொண்ணே கோயில்ல வந்து நின்னா, தடையப் பொண்ணே கொண்டாந்துட்டான்னு அர்த்தம்," என்று என் தாய் கூறினார்.

ஆகவே மறுநாள் ஞாயிறன்று காலை ஆறரை மணிப் பூசைக்கு வீட்டார் அனைவரும் சென்றனர். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். பெருக்கிய வாசலை மீண்டும் பெருக்கினேன். கொடியில் உலர்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்து, பிரித்து, வேறு வகையாக மடித்தேன். கோவில் மணி அடித்தபோது என் கையில் துடைப்பம் இருந்தது. என் பெயர் அங்கே உரக்கச் சொல்லப்படுகிறது என்று தோன்றிற்று. என்னைத் தவிர ஊரார் அனைவரும் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்டு 15ஆம் நாள் விடுமுறை. மாதா விண்ணேற்புத் திருநாளும் அதுவே. தம் ஊர்த் திருநாளுக்கு வருமாறும் வீட்டைப் பார்க்குமாறும் ஜோசப் அழைத்திருந்தார். அண்ணி என்னை அழைத்துச் சென்றார். பண்ருட்டியில் பேருந்து மாறிக் காடாம்புலியூரில் இறங்கினோம். பருவம் முடிந்துவிட்டபோதிலும் அவர் வீட்டுக் கொட்டகையில் பலாவின் வாசனை நிலைத்திருந்தது.

ஜோசப் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பேச்சில் மரியாதை இருந்தது. உள்ளே கட்டிலில் பக்கவாதத்தால் படுத்திருந்த அவருடைய தாயாரைக் காட்டினார். அக்கட்டிலின் அருகில், துண்டைத் தோளில் போட்டபடி வேலம்மாள் என்னும் பெண் நின்றிருந்தாள். தாயாரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவள் அவள்.

என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா அது. நல்லா திடமாத்தான் இருக்கீங்க," என்றாள் வேலம்மாள். "தூக்கி ஒக்கார வெக்க ஆளு திடமா இருக்கணும். இப்பிடி வாங்க, காட்றேன். எடது பக்கமா பொரட்டுனீங்கன்னா அம்மா கத்தும். வலது பக்கமாத்தான் பொரட்டணும்."

"நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"கல்யாணத்தோட என்ன நின்னுக்கச் சொல்லிட்டாரே. எனக்கும் இடுப்பு ஒடிஞ்சிபோச்சு. நீங்க வர்றது எனக்குத்தான் மொத சந்தோசம்."

ஜோசப் இதனைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை.

"மறைக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்லிங்க. கொழந்தைங்கள பாத்துப் பழகுன கைதான் வேணும்னு தேடினேன். உங்களுக்கு இது கஷ்டமாவே இருக்காது."

"பள்ளிக்கூட வேல?"

"இங்கேருந்து முதுநகருக்கு எப்பிடிங்க போய் வருவீங்க? அத விட்டுடலாம்."

"சனிக்கெழம சிதம்பரம் போறேன். இங்கிலீஷ் படிக்க."

"அதெல்லாம் அப்பறமா பாத்துக்கலாம்."

அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணால் அடக்கினார். கட்டிலில் இருந்த தாயார் என் மணிக்கட்டைப் பற்றினார். இயங்கும் கை அது ஒன்றே. பிடி வலுவாக இருந்தது.

"பேரு என்னாம்மா?"

சொன்னேன்.

"சாப்ட்டியா?"

அவர்மீது எனக்கு எவ்வகை வெறுப்பும் இல்லை. ஜோசப் மீதும் இல்லை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். அமர்ந்தால் மூச்சு முட்டியது. "ஒக்காரேன், கால் என்னா கம்பியா?" என்று அண்ணி கடிந்துகொண்டார். எலுமிச்சம்பழம் வாங்கிக் கையில் கொடுத்தார். குமட்டல் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

மறுநாள் இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. வீடு திரும்பிய அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது நான் கூறினேன்.

"வேணாம்ணே."

"எது வேணாம்?"

"மூணாவது ஓலை படிக்க வேணாம். கல்யாணம் வேணாம்."

அண்ணன் சட்டையை ஆணியிலிருந்து மீண்டும் எடுத்தார். அதனைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் அமர்ந்தார்.

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற தொடுப்பு கிடுப்பு இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"அந்தம்மாவ பாத்துக்கணுமேன்னா? நம்ம அம்மாவ நீதான பாத்த."

"அது நம்ம அம்மா."

"சரி, அந்த வேலக்காரம்மாவ நிறுத்த வேணாம்னு நான் சொல்றேன். மச்சான் என் பேச்சக் கேப்பாரு."

"வேணாம்ணே."

"பின்ன என்னாதான் காரணம்? சொல்லித் தொலையேன்."

காரணத்தைத் தேடினேன். நெடுவினாவுக்கு விடை எழுதும்போது குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொள்வேன் அல்லவா, அவ்வாறு மனத்துக்குள் வரிசைப்படுத்த முயன்றேன். காலையில் பள்ளியின் கதவை நான் திறக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தாயைத் தேடி அழும்போது அதன் மூக்கைத் துடைத்து உள்ளே அழைத்துச் செல்கிறேன். சனிக்கிழமை சன்னலோர இருக்கையில் புதுச்சத்திரம் வரை கடை விளம்பரங்களைப் படித்துக்கொண்டு போகிறேன். இவற்றைச் சொன்னால் காரணம் ஆகுமா என்று தெரியவில்லை.

"எனக்கு இப்ப இருக்கறதே புடிச்சிருக்கு," என்றேன்.

அண்ணி அடுக்களையிலிருந்து சிரித்தார். "புடிச்சிருக்காம். அடுப்பங்கரையில பாய விரிச்சிப் படுக்கறது புடிச்சிருக்காம்."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இத பாரு ராணி. சாமியாருகிட்ட போய் தடைன்னு சொல்லணும்னா காரணம் வேணும். முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கணும், இல்ல சொந்தமா இருக்கணும். புடிக்கலன்னு சொன்னா அவரு என்னா பண்ணுவாரு? பயமா இருந்தா தை மாசத்துக்குத் தள்ளி வெச்சிக்கலாம். அதுக்குள்ள மனசு தெளிஞ்சிடும்."

"தள்ளி வெக்க வேணாம்."

"அப்ப ஒழுங்கா பண்ணிக்க. இதுக்கு மேல பேச்சு இல்ல."

அவர் சட்டையை அணிந்துகொண்டு வெளியே சென்றுவிட்டார். அவர் தீயவர் அல்லர். தந்தை இறந்தபின் எனக்கு ஒரு குறையும் வைத்தவர் அல்லர். அவர் குரலில் இருந்தது கோபத்தைவிட அச்சமே என்பதை நான் அறிந்தேன். தம் மகளின் திருமணம் நின்றுவிடும் என்னும் அச்சம்.

அன்று பிற்பகல் நித்யா மேரி என் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அத்தை, எனக்காகத்தான் சரின்னு சொன்னியா?"

"இல்லடி. யோசிக்காம சொன்னேன்."

"பாண்டிச்சேரிக்காரங்க என்ன பொண்ணு பாக்க வந்தாங்களா, ஒன்னப் பாக்க வந்தாங்களா? வீட்ல அத்தை இருந்தா ஆவாதுன்னா, நாளைக்கு நான் நாய் வளத்தாகூட ஆவாதும்பாங்க."

"ஒங்கப்பன் காதுல விழப்போவுது."

"விழட்டும். நீ மட்டும் அழுதுகிட்டே போய் நிக்காத. ஃபோட்டோல அசிங்கமா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கும் அந்த வரன்மீது விருப்பம் இருந்ததை நான் அறிவேன். புதுச்சேரிப் பையனின் படத்தை அவள் தன் கைப்பையில் வைத்திருந்தாள்.

அவ்வாரம் நான் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை. புதன்கிழமை பங்குத்தந்தையைக் காணச் சென்றேன். ஜூன் மாதந்தான் எங்கள் ஊருக்கு வந்த இளைஞர் அவர். தியானத்துக்குச் சென்றிருப்பதாகவும், சனிக்கிழமை இரவுதான் திரும்புவார் என்றும் உபதேசியார் சின்னப்பன் கூறினார். ஓலைகளை எழுதுபவரும் வாசிப்பவரும் இந்த உபதேசியாரே.

"என்னாம்மா விசயம்?"

"ஒண்ணுமில்லிங்க உபதேசியாரே."

"கல்யாணப் பொண்ணு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு எச்சில முழுங்குனா ஏதோ இருக்குன்னு அர்த்தம்," என்று அவர் தம் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். நான் வந்துவிட்டேன். அவர் அண்ணனின் நண்பர்.

அடுத்த நாள், ஊர் அறியும் முன் ஜோசப் அறிவதே முறை என்று தோன்றியது. பள்ளி விட்டதும் மளிகைக் கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய்த் தொலைபேசியில் பேசினேன்.

"நான் முதுநகர்லேருந்து ராணி பேசுறேங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

மறுமுனையில் லாரியின் ஓசை கேட்டது. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லிங்க. நானாதான் சொல்றேன்."

"பயம்தாங்க. எல்லாருக்கும் வர்றதுதான். வேணும்னா கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பட்டுன்னு முடிவெடுக்காதீங்க."

"தள்ளி வெக்கறது இல்லிங்க, நான் சொல்றது..."

இணைப்பு அறுந்தது. கையில் வேறு நாணயம் இல்லை. என் பின்னால் நின்றவர், "பேசிட்டீங்கன்னா நகருங்கம்மா," என்றார்.

சனிக்கிழமை சிதம்பரம் வகுப்பில், சென்ற பாடத்தின் சொற்களைக் கொண்டு ஒவ்வொருவரும் சொந்த வாக்கியம் அமைக்க வேண்டும் என்று தமிழினி பணித்தார். ஹரிஷ் கிரிக்கெட் பற்றிக் கூறினான். என் முறை வந்ததும் எழுந்தேன். எழும்போது வேறொரு வாக்கியம்தான் மனத்தில் இருந்தது.

"ஐ கால்டு ஆஃப் மை வெட்டிங்," என்றேன்.

"வெரி குட் அக்கா. உச்சரிப்பும் நல்லா வந்திருக்கு," என்று கூறி ஆசிரியை அடுத்தவரிடம் சென்றார்.

அது அவருக்குப் பயிற்சி வாக்கியமாகத் தோன்றியது. எனக்கோ, இன்னும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாகப் பலர் அறியக் கூறியது போல் இருந்தது. பொய் சொன்னவளைப் போல் முகம் எரிந்தது. அந்த வாக்கியத்தை மெய்யாக்க எனக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது.

ஆகஸ்டு 23, ஞாயிறு. முன்னிரவில் மழை பெய்திருந்தது. தெருவில் ஆங்காங்கே நீர் தேங்கி நின்றது. அண்ணனும் அண்ணியும் நித்யா மேரியும் ஆறரை மணிப் பூசைக்குப் புறப்பட்டார்கள். "வாசக் கதவ சாத்திக்க," என்று அண்ணன் கூறிச் சென்றார். சாத்தினேன். மீண்டும் திறந்தேன். என்னுடைய நல்ல சேலைகள் திருமணத்துக்கென அண்ணியின் அறையில் பூட்டிய பெட்டியில் இருந்தன. பள்ளிக்கு உடுத்தும் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அடிபம்பு வரை சென்று திரும்பினேன். நித்யா மேரியின் கைப்பையில் இருந்த படம் நினைவுக்கு வந்ததுதான் காரணம். வீட்டு வாசலில் நின்று, கதவைத் தொட்டு, இரண்டாம் முறையாகப் புறப்பட்டேன். இம்முறை வேகமாக நடந்தேன். சேலையின் ஓரம் சேற்றில் நனைந்தது.

நான் கோவிலின் பக்க வாசலை அடைந்தபோது நற்கருணை வழங்கி முடிந்திருந்தது. அனைவரும் அமர்ந்திருந்தனர். உபதேசியார் சின்னப்பன் ஒலிவாங்கியின் முன் நின்று வாரத்தின் அறிவிப்புகளை வாசித்தார். பின்னர் வேறு ஒரு இணையரின் முதல் ஓலையை வாசித்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டு, பெண்கள் பகுதியின் நடுவழியில் சென்று நின்றேன்.

"மூன்றாம் முறை அறிவிப்பு," என்று தொடங்கித் தலையை உயர்த்திய உபதேசியார் என்னைக் கண்டார். கண்ணாடியைக் கழற்றினார். மீண்டும் அணிந்தார். அவருடைய வாய் மூடிக்கொண்டது.

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைக் கண்டு பின்வரிசையும் எழுந்து பார்த்தது. ஆண்கள் பகுதியில் என் அண்ணன் தலை குனிந்து அமர்ந்திருந்தார். அருகிலிருந்தவர் முழங்கையால் இடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

பங்குத்தந்தைக்கு எங்கள் தெரு வழக்கம் தெரியாது. "படிங்க உபதேசியாரே," என்றார்.

"படிக்க முடியாது சாமி."

"ஏன், எழுத்து அழிஞ்சிருக்கா?"

"பொண்ணு வந்து நிக்கிது சாமி."

"வந்தா என்ன? நல்லதுதானே."

உபதேசியார் அவர் காதருகே குனிந்து ஏதோ கூறினார். பங்குத்தந்தை பீடத்தின் படியில் இறங்கி என்னைப் பார்த்தார். ஒலிவாங்கியை விலக்கிவிட்டுச் சாதாரணக் குரலில் கேட்டார்.

"உங்களுக்குத் தடை ஏதாவது தெரியுமாம்மா?"

"தடைன்னு ஒண்ணும் இல்லிங்க சாமி. அவரு நல்லவரு. எனக்குத்தான் வேணாம்."

"யாராவது சொல்லச் சொன்னாங்களா? பயமுறுத்துனாங்களா?"

"இல்லிங்க."

"யோசிச்சித்தான் சொல்றீங்களா?"

"சரின்னு சொன்னப்பதான் சாமி யோசிக்கல."

அவர் உபதேசியாரின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு சம்மதம் இல்லாம இங்க கல்யாணமே கெடையாது. அந்தத் தாளை எங்கிட்ட குடுங்க. அடுத்த அறிவிப்பப் படிங்க."

அடுத்த அறிவிப்பு மறைக்கல்வி வகுப்பைப் பற்றியது. உபதேசியார் அதனை இருமுறை தவறாக வாசித்தார்.

இறுதி ஆசீருக்கு முன்பே அண்ணன் வெளியே சென்றுவிட்டார். நான் வெளியே வந்தபோது கோவில் வாசலின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணி என் பக்கம் பாராமல் வீட்டை நோக்கி நடந்தார். நித்யா மேரி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, காலணியின் வாரைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள்.

"நாலு பேரு முன்னாடிதான் சொல்லணுமா?" என்றார் அண்ணன்.

"ஒங்ககிட்டதாண்ணே மொதல்ல சொன்னேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து எண்களை அழுத்தி என்னிடம் நீட்டினார். "எனக்கு வாய் வராது. நீயே சொல்லு."

ஜோசப் எடுத்தார். "சொல்லுங்க மச்சான்."

"நான் ராணி பேசுறேங்க. மூணாவது ஓலை படிக்கல. நான்தான் நிறுத்துனேன்."

கோவிலிலிருந்து வெளியே வந்தவர்கள் எங்களைச் சுற்றி விலகிச் சென்றார்கள்.

"நான் யோசிச்சிப் பாத்தேங்க," என்றார் ஜோசப். "நீங்க அன்னைக்கு ஃபோன் பண்ணதுலேருந்து யோசன. வேலம்மாளயே வெச்சிக்கறேன். நீங்க அம்மாவத் தொட வேணாம். சிதம்பரத்துக்கும் போய்ட்டு வாங்க, நானே வண்டியில கொண்டாந்து விடறேன். பள்ளிக்கூடம்தான் தூரம். அதுக்கும் இங்க ஏதாவது பாப்போம். இப்ப சொல்லுங்க."

அவர் மனதாரக் கூறினார். அண்ணனும் அதனைக் கேட்டார். கைப்பேசியின் ஒலி அவ்வளவு உரத்திருந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பியது. இனி மறுக்க என்ன இருக்கிறது என்னும் கேள்வி அதில் இருந்தது. நான் சொல்லக்கூடிய காரணங்களில் பெரும்பாலானவற்றை அந்த மனிதர் ஒரு மூச்சில் எடுத்துவிட்டார். என்னிடம் நான் மட்டுமே மிஞ்சியிருந்தேன்.

"வேலம்மாள வெச்சிக்கோங்க. அம்மாவுக்கு அதுதான் நல்லது," என்றேன். "வலது பக்கமா பொரட்டச் சொல்லுங்க."

"அப்ப, தை மாசம்..."

"தை மாசமும் இல்லிங்க. எந்த மாசமும் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரிங்க," என்றார். வசை ஏதும் சொல்லவில்லை. "நல்லா இருங்க," என்றும் கூறினார் என்று நினைக்கிறேன்; அப்போது ஒரு பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு சென்றது.

கைப்பேசியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். என் கால்கள் அசையாமல் நின்றிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நித்யா மேரி நிமிர்ந்து என் சேலையின் ஓரத்தைப் பார்த்து, "சேத்துல பொரண்டா மாதிரி வந்திருக்க," என்றாள். அவள் குரல் நடுங்கிற்று. இருந்தும் அவள் குனிந்து ஓரத்துச் சேற்றைப் பிழிந்துவிட்டாள். அண்ணன் கைப்பேசியின் திரையைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார். அதில் காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று இருந்தது.